முன்னால் போகச் சொன்னவன்

1

சைக்கிளைப் புதருக்குள் வீசிவிட்டு அவள் மலைமேல் ஓடத் தொடங்கினாள்.

தப்பான திசை. பந்தயம் மொத்தமும் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. ஒற்றையடிப் பாதை, ஒரு பக்கம் மண்சுவர், மறுபக்கம் ஒன்றுமில்லை. எதிரே இரண்டு பேர் பாய்ந்து வந்தார்கள். "வழி, வழி" என்ற குரல் காதைக் கிழித்துக்கொண்டு கடந்தது. அவள் மண்சுவரோடு ஒட்டிக்கொண்டாள். ஒருவனின் கைப்பிடி அவள் முழங்கையை உரசித் தோலை எடுத்துக்கொண்டு போயிற்று. பெடலில் மாட்டுவதற்காகக் காலணியின் அடியில் இரும்புத் துண்டு பதித்திருப்பார்கள். அதை வைத்துக்கொண்டு பாறையில் ஓட முடியாது. வழுக்கி விழுந்தாள். எழுந்தாள். மறுபடி ஓடினாள். எந்த வளைவில்? கடைசியாக அவன் இருமல் கேட்டது எந்த வளை—

இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

பழக்கதோஷம். வாரப் பத்திரிகைகளுக்குத் தொடர்கதை எழுதியே வயிறு வளர்த்தவன் நான். முதல் பாராவில் யாராவது ஓட வேண்டும். கடைசி வரியில் யாராவது கதவைத் தட்ட வேண்டும். இந்தக் கதையையும் அப்படித்தான் ஓட விட்டேன். ஓட விட்ட பிறகுதான் சங்கடம் புரிந்தது. இது நான் உட்கார்ந்து யோசித்த கதை அல்ல, எனக்குச் சொல்லப்பட்டது. சொன்னவள் தினமும் காலையில் பஸ் பிடித்து வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். அவளை மலையில் பாதி வழியில் நிறுத்தி வைத்துவிட்டு நான் காப்பி குடிக்கப் போக முடியாது.

அதனால், இது எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2

குளியலறையில் சோப்பு வழுக்கியது. வலது மணிக்கட்டு போயிற்று. கதாநாயகர்களைப் பத்தாவது மாடியிலிருந்து குதிக்க வைத்து, சட்டை கசங்காமல் எழுப்பி நடக்க விட்டவனுக்கு ஒரு சோப்புத் துண்டே போதுமானதாக இருந்தது.

(நான் சொல்லச் சொல்ல இதை எழுதிக்கொண்டிருப்பவள் என் மனைவி. "சோப்பு மேல பழி போடாதீங்க, வழுக்குதுன்னு நான் மிதியடி போட்டா நீங்கதான் அதை எடுத்து ஓரமா வெச்சீங்க" என்கிறாள். அவள் குறுக்கே பேசுவதையெல்லாம் அடைப்புக்குறிக்குள் போட்டுவிடுவது என்று எங்களுக்குள் ஒப்பந்தம்.)

எக்ஸ்ரே அறை. இழுத்துத் தள்ள வேண்டிய கனமான கதவு, அதற்கு மேலே சிவப்பு விளக்கு. உள்ளே ஆணியில் மழைக்கோட்டு மாதிரி தொங்கும் ஈயக் கவசம். மூலையில் கண்ணாடி பதித்த தடுப்பு. அதற்குப் பின்னால் ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு இடம். அந்த இடத்துச் சுவரில், மருத்துவமனைக்குச் சம்பந்தமே இல்லாமல், எண் அச்சிட்ட ஒரு பிளாஸ்டிக் அட்டை ஒட்டியிருந்தது. ஓரங்களில் காய்ந்த சேறு.

என் கையை மேசைமேல் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, விளக்கொளியின் சிலுவைக் கோட்டை மணிக்கட்டின் நடுவில் கொண்டுவந்து நிறுத்தினாள் அந்தப் பெண். ஒல்லி. முகத்தில் வெயிலில் காய்ந்த நிறம்.

"என்னம்மா அது, கார் நம்பரா?"

"சைக்கிள் நம்பர் சார். கைய அசைக்காதீங்க."

மலையில் சைக்கிள் பந்தயமாம். ஒரு வாரம் ஓடுமாம். அண்ணனும் அவளும் ஜோடியாகப் போனார்களாம். "ஜெயிச்சீங்களா?" என்று கேட்டேன். அவள் தடுப்புக்குப் பின்னால் போனாள். யந்திரம் 'டக்' என்றது. திரும்பி வந்து, "நான் முடிச்சேன்" என்றாள். "நாங்க" என்று சொல்லவில்லை.

கதை எழுதுகிறவனுக்கு அந்த ஒரு சொல் வித்தியாசம் போதும். தோண்ட ஆரம்பித்தேன். நான் யாரென்று தெரிந்ததும் அவள் ஒரு நிமிடம் என்னையே பார்த்தாள். பிறகு சொல்லத் தொடங்கினாள். மூன்று தடவையாகச் சொன்னாள்: எலும்பு உடைந்ததற்கு ஒரு படம், கட்டுக்குள் கூடுகிறதா என்று ஒரு படம், கட்டுப் பிரித்த பிறகு ஒரு படம். ஒவ்வொரு தடவையும் சரியான இடத்தில் அடுத்த நோயாளி வந்து கதவைத் தட்டினார். நான்கூட இவ்வளவு கச்சிதமாகத் 'தொடரும்' போட்டதில்லை.

3

பந்தயத்தின் சட்டங்களைச் சொல்லாமல் மேலே போக முடியாது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தினம் ஒரு மலை. காலையில் ஏறி, மறுபக்கம் இறங்கி, மாலையில் கூடார முகாமில் சேற்றைக் கழுவி, சாப்பிட்டு, விழுந்து தூங்க வேண்டும். மறுநாள் அடுத்த மலை. ஜோடியாகத்தான் ஓட்ட வேண்டும். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் விட்டுப் பிரியக் கூடாது. வழியில் உள்ள ஒவ்வொரு சாவடியையும் இருவரும் இரண்டு நிமிட இடைவெளிக்குள் கடந்தாக வேண்டும். ஒருவர் விழுந்து விலகிவிட்டால் மற்றவர் தனியாகத் தொடரலாம். ஆனால் ஜோடிச் சட்டையைக் கழற்றிவிட்டு, அவர்கள் கொடுக்கும் சாம்பல் நிறச் சட்டையைப் போட்டுக்கொள்ள வேண்டும். ஓட்டலாம், முடிக்கலாம். வரிசைப் பட்டியலில் பேர் வராது.

(என் மனைவி பேனாவைக் கீழே வைத்தாள். "சாம்பல் நிறமா? எந்தப் புண்ணியவான் யோசிச்சான்?")

அண்ணன் கட்டுமான இடங்களில் உயரமான கிரேன் ஓட்டுபவன். அவளைவிட ஆறு வயது மூத்தவன். அவளைக் 'குண்டூசி' என்றுதான் கூப்பிடுவான். ஒல்லியாக இருப்பாள், ஆனால் குத்துவாள், அதனால். இருவரும் சின்னச் சின்னப் பந்தயங்களில் பல வருடம் ஓட்டியிருக்கிறார்கள். எப்போதும் அவன் முன்னால், இவள் பின்னால். அவன் சக்கரம் வாரியடிக்கும் மண்ணைத் தின்றே வளர்ந்ததாகச் சொன்னாள்.

இந்தப் பெரிய பந்தயத்துக்குப் பயிற்சி எடுக்கத் தொடங்கிய முதல் நாள், இறக்கத்தின் உச்சியில் நின்று அவன் வழியை விட்டான்.

"நீ முன்னாடி போ, குண்டூசி."

"என்னடா அண்ணா, கிழவனாயிட்டியா?"

"உன் முதுகு எப்படி இருக்குன்னு நானும் கொஞ்சம் பாக்கறேனே."

அவ்வளவுதான் பேச்சு. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகு அண்ணன் தன்னை ஒப்புக்கொண்டுவிட்டான் என்று நினைத்தாள். அன்று இறங்கியபோது வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே இறங்கினாளாம். இதை என்னிடம் சொல்லும்போது, என் கட்டுக்குக் கீழே வைத்திருந்த மணல்பையை எடுத்து, தட்டி, மறுபடி அதே இடத்தில் வைத்தாள்.

4

தொடர்கதையாக இருந்தால் இப்போது சொல்லப்போவதை ஆறு வாரம் பூட்டி வைத்திருப்பேன். இதில் பூட்டி வைக்க மனமில்லை. சொல்லிவிடுகிறேன்.

அண்ணனுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது.

ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சுருங்கும் நோய். வெளிச்சத்தில் நேர் எதிரே இருப்பது தெரியும். பக்கவாட்டில் இருப்பது தெரியாது. வெயிலிலிருந்து நிழலுக்குள் நுழைந்தால் எதுவுமே தெரியாது. வருடத்துக்கு வருடம் வட்டம் சின்னதாகும். மருந்து கிடையாது. அவனுக்குத் தெரிந்து இரண்டு வருடமாயிற்று. யாரிடமும் மூச்சு விடவில்லை, கட்டிய மனைவியிடம்கூட. கண்ணாடியை மாற்ற வேண்டும் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தான்.

இந்த இடத்தில்தான் இவன்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. கண் தெரியாதவன், ஆட்கள் நடமாடும் இடத்துக்கு மேலே இரும்புத் தூணைத் தூக்கிக்கொண்டு போகிறான். ஒரு பிரதியில் இவனை வில்லனாகவே எழுதிப் பார்த்தேன்: "கிரேனின் கண்ணாடிக் கூண்டுக்குள் அந்தக் கொலைகாரன் குருட்டுத்தனமாக—" என்று தொடங்கியது. கிழித்துப் போட்டேன். அடுத்த தடவை அவளிடமே கேட்டேன், எப்படி ஓட்டினான் என்று.

கீழே நிற்கும் சிக்னல்காரரின் குரலை வைத்துத்தான் ஓட்டினானாம். வயர்லெஸ்ஸில் "மேல, மேல, கொஞ்சம் வலது, நிறுத்து" என்று வரும். கட்டிடத்துக்குப் பின்பக்கம் சுமை இறக்கும்போது எல்லா ஓட்டுநர்களும் அப்படித்தான் செய்வார்கள். இவன் எல்லா நேரமும் அப்படியே செய்தான். ஒரு செங்கல்கூடத் தவறி விழவில்லை. அது சாமர்த்தியமா, அதிர்ஷ்டமா? எனக்கு விடை தெரியவில்லை. நீங்கள் வேலை செய்யும் கட்டிடத்தின் மேலே அவன் இருந்திருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்.

குரலை வைத்துச் சுமையை இறக்கியவன், எதை வைத்து மலையை இறங்கினான்? அதுதான் இந்தக் கதை. குறைந்தபட்சம், இரண்டாவது எக்ஸ்ரே வரைக்கும் அதுதான் கதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

5

சைக்கிளில் மிதிப்பதை நிறுத்திவிட்டு உருண்டால் பின்சக்கரத்தில் 'கிர்ர்ர்' என்று ஒரு சத்தம் கேட்குமே, ஃப்ரீவீல் சத்தம், அது எல்லோருக்கும் தெரியும். மலைச் சைக்கிளில் அது இன்னும் உரக்கக் கேட்கும். இறக்கத்தில் யாரும் மிதிப்பதில்லை. ஆகவே இறக்கம் முழுவதும் அந்தச் சத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். சத்தம் நெருங்கி அடித்தால் முன்னால் போகிறவர் வேகம் எடுக்கிறார். விட்டு விட்டு அடித்தால் பிரேக் பிடிக்கிறார், வளைவு வருகிறது. இடது பக்கம் தள்ளிக் கேட்டால் இடது வளைவு.

அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினான். வெளிச்சத்தில் தங்கையின் பின்சக்கரம் அவனுடைய சின்ன வட்டத்துக்குள் தெரிந்தது. காட்டுக்குள் நுழைந்து எல்லாம் இருட்டிப் போனபோது, அவள் சக்கரம் அவனுக்கு வழி சொன்னது. அவளுக்கே தெரியாமல் அவள் வழி சொல்லிக்கொண்டிருந்தாள். முதல் நாள், இரண்டாம் நாள், மூன்றாம் நாள். நல்ல இடத்தில்தான் இருந்தார்கள்.

நான்காம் நாள் மழை. மலை மொத்தமும் குழைந்து சக்கரத்தில் ஒட்டியது. முகாமுக்கு வந்தபோது இரண்டு சைக்கிள்களும் வயலில் புதைத்து எடுத்தவை மாதிரி இருந்தன. அண்ணன் கூடாரத்தில் காலை நீட்டிப் படுத்துவிட்டான். தங்கை தண்ணீர்க் குழாய் வரிசையில் நின்று இரண்டையும் கழுவினாள். தன்னுடைய ஃப்ரீவீலுக்குள் சேறு போயிருப்பது சுற்றிப் பார்த்தபோதே தெரிந்தது; கரகரவென்று அரைத்தது. சக்கரத்தைக் கழற்றி, ஃப்ரீவீலைப் பிரித்து, உள்ளே இருக்கும் குட்டிப் பற்களைத் துணியால் துடைத்து, கிரீஸ் வைத்தாள்.

எவ்வளவு கிரீஸ் என்பதில்தான் விஷயம். நகக்கண் அளவு வைத்தால் போதும். அவள் விரலால் அள்ளி அப்பினாள். மறுநாளும் மழை என்றார்கள். தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டால் பற்கள் பிடிக்காமல் போகும். ஏற்றத்தில் நின்றுவிட்டால் இருவரும் வெளியே. கெட்டியான கிரீஸ் நிறைய அப்பினால் தண்ணீர் இறங்காது. சைக்கிள்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். இன்னொரு பலனும் உண்டு: பற்கள் கிரீஸுக்குள் மூழ்கிவிடுவதால் சத்தம் வராது.

சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தாள். வெண்ணெய் மாதிரி ஓடியது. பெருமையாக இருந்ததாம்.

(என் மனைவி: "போதும், எனக்குப் புரிஞ்சிடுச்சு. மேல சொல்லாதீங்க." சொல்லித்தான் ஆகவேண்டும்.)

6

இந்த அத்தியாயத்தை வேறு மாதிரி எழுத எவ்வளவோ முயன்றேன்.

"அன்று காலை அண்ணன் தங்கையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு—"

இல்லை, சொல்லவில்லை.

"அன்று மழை காரணமாகப் பந்தயம் ரத்து செய்யப்ப—"

ரத்து செய்யவில்லை. மழைகூட வரவில்லை. பளிச்சென்று வெயில் அடித்தது. வெயில் அடித்தால் காட்டு நிழல் இன்னும் கறுப்பாக இருக்கும்.

முகாமிலிருந்து கிளம்பும் இடத்துக்கு ஒரு சின்னச் சரிவு. அதில் அவள் மிதிக்காமல் உருண்டாள். பின்னாலேயே வந்த அண்ணன் சட்டென்று காலை ஊன்றி நின்றான்.

"என்ன, சத்தமே வரல?"

"நேத்து பிரிச்சு கிரீஸ் அடிச்சேன்ல. எப்படி?"

அவன் குனிந்து அவள் பின்சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தான். பிறகு, அருமையாக இருக்கிறது என்றான். சத்தம் வேண்டும் என்று சொல்லியிருந்தால் அங்கேயே ஒரு துணியால் துடைத்து எறிந்திருப்பாள். ஆனால் ஏன் என்று கேட்டிருப்பாள். அதற்குப் பதில் சொல்லியிருந்தால் பந்தயம் அங்கேயே முடிந்திருக்கும். எனக்கு இந்த இடம் நன்றாகப் புரிகிறது. இரண்டு வருடம் மறைத்து வைத்ததை, பந்தயம் தொடங்க விசில் ஊதப்போகும் நேரத்தில், நூறு பேர் நடுவில் நின்றுகொண்டு எப்படிச் சொல்வான்?

"இன்னிக்கு எதையாவது பேசிட்டே இறங்கேன்," என்றான். "போரடிக்குது."

அவள் சிரித்தாள். ஆனாலும் பேசினாள். முதல் இறக்கம் முழுக்கப் பேசினாள்: ஆஸ்பத்திரியில் மூக்குத்தியைக் கழற்ற மறுத்த ஒரு பாட்டியம்மாளின் கதை, பக்கத்துக் கூடாரத்து டீச்சர்கள் இருவரும் குறட்டையில் போட்டி போட்டது. அண்ணன் பின்னால் சிரித்துக்கொண்டே வந்தான். இரண்டாவது இறக்கம் செங்குத்து. பாறை, வேர், உடனே வளைவு. அந்த மாதிரி இடத்தில் யாராலும் பேச முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு இறங்குவதே பெரிய காரியம். அவள் வாய் தானாக மூடிக்கொண்டது.

காட்டுக்குள் நுழைந்தாள். பின்னால் ஒரு இருமல் கேட்டது. அப்புறம் நிறைய வளைவுகள். வெளிச்சத்துக்கு வந்து, திரும்பிப் பார்த்தாள்.

பாதை காலியாக இருந்தது.

முதல் பாராவில் அவள் சைக்கிளை எறிந்தது இங்கேதான்.

7

பாதைக்குக் கீழே, பெரணிச் செடிகளுக்கு நடுவில் மல்லாந்து கிடந்தான். அவன் சைக்கிள் அதற்கும் கீழே ஒரு மரக்கவட்டில் மாட்டிக்கொண்டு, முன்சக்கரம் வளைந்து தொங்கியது. அவள் உட்கார்ந்து சரிந்தே இறங்கினாள். அவன் இடுப்புக்குக் கீழே கால் தப்பான கோணத்தில் திரும்பியிருந்தது. தினமும் எலும்பைப் பார்ப்பவள். படம் எடுக்காமலே தெரிந்தது, இடுப்பெலும்பு என்று.

"வந்துட்டியா, குண்டூசி."

"ஏண்டா கத்தல? ஒரு சத்தம் குடுத்திருந்தா நின்னிருப்பேன்ல."

"கத்தியிருந்தா திரும்பிப் பாத்திருப்ப. அந்த வளைவுல திரும்பிப் பாத்தா நீயும் போயிருப்ப."

மீட்பு ஆட்கள் ஏறி வர நெடுநேரம் ஆயிற்று. அந்த நேரத்தில்தான் அவன் கண்ணைப் பற்றிச் சொன்னான். நேரே வானத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். சத்தத்தைப் பற்றியும் சொன்னான். தலைக்கு மேலே பாதையில் மற்ற ஜோடிகள் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒவ்வொன்றாகக் கிர்ர்ர் என்று கேட்டுத் தேய்ந்தது. "இது அந்த டீச்சருங்க," என்றான் அவன். "அடுத்து வர்றது அப்பாவும் பையனும். பாரேன்." பார்க்கத் தேவை இல்லை. சரியாகத்தான் சொன்னான்.

அவள் தன் கையுறையைக் கழற்றிப் பார்த்தாள். நகக்கண்களில் நேற்றைய கிரீஸ் கறுப்பாக ஒட்டியிருந்தது.

கடைசியில் அவள் கேட்டது அவனுடைய கண்ணைப் பற்றி இல்லை. அவமானமாக இருந்ததாம், அந்த நேரத்தில் அது வாயில் வந்ததற்கு. ஆனால் வந்துவிட்டது.

"அப்ப, நான் நல்லா ஓட்டறேன்னு நெனச்சு நீ என்ன முன்னாடி விடல."

"நல்லாத்தான் ஓட்டற."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

அதற்குள் ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது. அதில் ஏற்றிக் கட்டும்போது அவள் கையைப் பிடித்து இழுத்தான். "நீ நாளைக்கு ஓட்டணும். முடிச்சிட்டு வா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு வெச்சுக்காத, புரியுதா?"

8

முடிவுகள். என்னிடம் மூன்று இருக்கின்றன. ஒன்றைக்கூட நம்ப முடியவில்லை.

பத்திரிகை ஆசிரியருக்குத் தொலைபேசியில் கதையைச் சொன்னேன். அண்ணனை முடித்துவிடச் சொன்னார். "அந்தக் காட்டுலயே, தங்கச்சி மடியில. வாசகர் கடிதம் குவியும் சார்." எழுதிப் பார்த்தேன். சுலபமாக வந்தது, ஒரே பாரா. இத்தனை வருடத்தில் எத்தனையோ பேரைக் கொன்றவன் நான். சாவு எனக்குக் கைப்பழக்கம். ஆனால் இங்கே யாரும் சாகவில்லை. வட்டம் ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் சின்னதாகிறது, அவ்வளவுதான். அதை எந்தப் பாராவில் முடிப்பது?

என் மனைவியின் முடிவு: தங்கை பந்தயத்தை அன்றே உதறிவிட்டு ஆஸ்பத்திரியில் அண்ணன் பக்கத்தில் உட்கார்கிறாள். ("மனுஷியா இருந்தா அதைத்தான் செய்வா.") நல்ல முடிவு. ஆனால் நடந்தது அது இல்லை.

நடந்தது இது. அவள் அன்று மாலை ஜோடிச் சட்டையைக் கழற்றினாள். கிரீஸைத் துடைத்து எறிந்தாள். மறுநாள் சாம்பல் நிறச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கிர்ர்ர் என்று கத்தும் சக்கரத்தோடு தனியாக ஓட்டினாள். அதற்கு மறுநாளும் ஓட்டினாள். முடித்தாள். முடிக்கும் கோட்டில் ஜோடிகள் கைகோத்துக்கொண்டு வந்தார்கள். அவள் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிரேக்கிலேயே வைத்திருந்தாள்.

அண்ணி, அதாவது அண்ணனின் மனைவி, தகவல் கிடைத்ததும் பஸ் மாறி மாறி அந்த மலையடிவார ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தாள். புருஷனுக்கு இடுப்பு உடைந்திருக்கிறது. கண் போகப்போகிறது என்பதையும் அங்கேதான் டாக்டர் வாயிலிருந்து கேட்டாள். பக்கத்தில் ஆறுதலுக்கு ஒரு ஆள் இல்லை. நாத்தனார் எங்கே? சைக்கிள் ஓட்டப் போயிருக்கிறாள். கழுத்தில் பதக்கத்தோடு வார்டுக்குள் நுழைந்தவளை அண்ணி ஒரு பார்வை பார்த்தாளாம். "வந்துட்டீங்களா. விளையாட்டு முடிஞ்சுதா?" என்று மரியாதையாகக் கேட்டாளாம். அதுவரை வாடி போடி என்று பேசிக்கொண்டிருந்தவள்.

அந்த 'ங்க'வுக்குப் பிறகு அண்ணி அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வேலை போய்விட்ட அண்ணன் பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டு அறையில் உட்கார்ந்திருக்கிறான். நாற்காலியை யாராவது இரண்டு அங்குலம் நகர்த்திவிட்டால் கத்துகிறான். கத்திவிட்டு மன்னிப்புக் கேட்கிறான். கத்துவதைக்கூடத் தாங்கலாம், மன்னிப்பைத்தான் தாங்க முடியவில்லை என்று அண்ணி பக்கத்து வீட்டில் சொல்லி அழுதாளாம். இவள் அந்த வீட்டுக்குப் போவதில்லை. போனால் கதவு திறக்கிறது, முகம் திறப்பதில்லை.

ஏன் ஓட்டப் போனாள்? இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. "அண்ணன் சொன்னான்" என்பது பதில் ஆகாது. படுத்துக் கிடப்பவன் ஆயிரம் சொல்வான். பதில் இல்லாமல் இந்தப் பெண்ணை வாசகர்கள் முன்னால் நிறுத்தினால் என் மனைவி மாதிரியேதான் எல்லோரும் நினைப்பார்கள். இந்த இடத்தோடு எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

9

மூன்றாவது எக்ஸ்ரே. கட்டுப் பிரித்த கை வெளுத்து, யாருடைய கையோ மாதிரி இருந்தது. எலும்பு கூடிவிட்டது என்றாள். கதை எங்கே நிற்கிறது என்று கேட்டாள். சொன்னேன். மூன்று முடிவுகளையும் சொன்னேன்.

அவள் அன்று கதவைத் தானே போய்ச் சாத்தினாள். சிவப்பு விளக்கைப் போட்டாள், யாரும் உள்ளே வராதபடி.

பந்தயத்தை முடித்து வார்டுக்குப் போன அன்று, அண்ணி மருந்து வாங்கக் கீழே போயிருந்த நேரத்தில், அண்ணன் அவளிடம் ஒன்று கேட்டானாம். பதக்கத்தைப் பற்றி இல்லை. காட்டுக்குள் நுழையும் இடங்களில் எப்படி ஓட்டினாய் என்று கேட்டான். வழக்கம்போலத்தான் என்றாள். வழக்கம்போல என்றால் நுழைவதற்கு முன்பே பிரேக் பிடித்தாயா என்றான். எல்லோரும் பிடிப்பார்கள் என்றாள். இல்லை, யாரும் பிடிப்பதில்லை என்றான். அப்புறம் அவளுடைய அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னான்.

அந்தப் பதிலை அவள் எனக்கு அவன் குரலிலேயே சொன்னாள்.

"சத்தத்துக்காக மட்டும் உன்ன முன்னாடி விடல, குண்டூசி. டாக்டர் ஒண்ணு சொன்னார். கூடப் பொறந்தவங்களையும் கவனிங்கன்னார். உன்னக் கூட்டிட்டுப் போய் சோதனை பண்ண எனக்குத் தைரியம் வரல. அதான் பின்னாடி வந்து ஒரு வருஷமா பாத்துட்டே இருந்தேன். எனக்கு ஆரம்பிச்சப்ப நான் எப்படி ஓட்டினேன்னு எனக்குத்தானே தெரியும்."

அவன் என்ன பார்த்தான் என்று நான் கேட்கவில்லை. அவளும் அதைச் சொல்லவில்லை. ஊருக்குத் திரும்பியதும் ஒரு கண் ஆஸ்பத்திரியில் போய் உட்கார்ந்ததை மட்டும் சொன்னாள். சோதனை முடிவை அண்ணனிடம் சொன்னாளாம். அவன் அவள் தலையில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தானாம். அண்ணியிடம் சொல்லக் கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். அண்ணிக்கு இருக்கும் பாரம் போதாதா என்று. ஆனால் சொல்லாமல் இருந்தால் அந்த 'ங்க' அப்படியே இருக்கிறது. இரண்டையும் சுமக்க இவளால் முடியவில்லை.

"உங்ககிட்ட ஏன் சொன்னேன் தெரியுமா சார்? அண்ணி உங்க கதைய ஒரு வாரம்கூட விடாம படிப்பாங்க. பேர் போடாதீங்க. போடலன்னாலும் அவங்களுக்குத் தெரிஞ்சிடும்."

சொல்லிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிடக் கதவைத் திறந்தாள்.

(என் மனைவி எழுதுவதை நிறுத்திவிட்டாள். இனிமேல் உள்ளதை நானே எழுதுகிறேன், கூடிய கையால். எழுத்து கோணல். மன்னிக்கவும்.)

ஆகவே, இந்தக் கதையை முடிப்பது என் வேலை அல்ல. மற்ற வாசகர்கள் மன்னிக்க வேண்டும், உங்கள் வேலையும் அல்ல. ஒரே ஒருவருடைய வேலை. இந்த இதழை அவர் சமையலறை மேடையில் சாய்த்து வைத்துப் படிப்பாரா, புருஷனுக்கு உரக்கப் படித்துக் காட்டுவாரா, எனக்குத் தெரியாது. படித்து முடித்ததும் தொலைபேசியை எடுப்பாரா, பக்கத்தை மடித்துப் பழைய பேப்பரோடு போடுவாரா, அதுவும் தெரியாது. அவர் என்ன செய்தாலும் எந்தக் கண்ணும் திரும்பி வராது. அதைப் பற்றிப் பொய் நம்பிக்கை கொடுக்க என்னிடம் நாலாவது முடிவு இல்லை. அவர் என்னை மன்னிக்க வேண்டும். ரொம்ப நேரமாக நான் சொல்லாமல் தள்ளிக்கொண்டு வந்த ஒரு வரி பாக்கி இருக்கிறது.

அம்மா, உங்கள் நாத்தனாருக்கும் அதே நோய்தான். அவர் சாம்பல் சட்டையோடு ஓட்டியதுதான் அவருடைய கடைசி மலை.